ஒரு வார முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அடுக்குமாடியில் யாராவது ஒரு தாய் கதவைத் தட்டுவார். "முகாமுக்குப் பேர் கொடுத்துட்டோம், இனிமே என்ன செய்யணும்?" என்பார். என் பிள்ளைகள் இருவரும் முகாமுக்குப் போய் வந்து வளர்ந்தவர்கள். சில ஆண்டுகளாக நானும் விடுமுறை முகாம்களில் பெண் பிள்ளைகள் தங்கும் அறைக்குத் துணையாகப் போகிறேன். பேருந்து கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரவில் அழும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தும் இருக்கிறேன். ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என் மகனுக்கு எட்டு வயது. ஒரு வாரம் தாங்குவானா?

வயதைவிட, அம்மா அப்பா பக்கத்தில் இல்லாமல் அவன் ஓர் இரவாவது தூங்கியிருக்கிறானா என்றுதான் நான் முதலில் கேட்பேன். அப்படித் தூங்காத பத்து வயதுப் பிள்ளை தவித்ததையும், பாட்டி வீட்டிலேயே பாதி நாள் வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளை முதல் இரவே குறட்டை விட்டதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை பாருங்கள். தைப்பிங்கிலோ சுங்கைப் பட்டாணியிலோ பாட்டி இருந்தால் வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்து வாருங்கள். இடையில் தொலைபேசி வேண்டாம். திரும்பியதும் "அழுதியா?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி எது கஷ்டமா இருந்துச்சு, அப்ப நீ என்ன செஞ்ச?" என்று கேளுங்கள். தண்ணீர் குடித்தேன், தலையணையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன் என்று ஏதாவது ஒன்று சொல்வான். அதே வழிதான் முகாமிலும் அவனுக்குக் கைகொடுக்கும்.

அப்புறம், அவனைக் கேட்காமல் பெயர் கொடுக்காதீர்கள். போவதா வேண்டாமா என்ற பேச்சில் அவனுக்கும் இடம் இருக்கட்டும். தண்டனைபோல் அனுப்பப்பட்ட பிள்ளையை முகாமில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முகாமைத் தேர்ந்தெடுக்கும்போது ஏற்பாட்டாளரிடம் என்ன கேட்கவேண்டும்?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லவேண்டும்.

மலேசியாவில் நமக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று இல்லை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை ஆண்டு இறுதியில் வருகிறது. அது மழைக்காலம். கிழக்குக்கரையில் அப்போது வடகிழக்குப் பருவமழை கொட்டும், தீவுகளில் பெரும்பாலான தங்குமிடங்கள் மூடிக் கிடக்கும். டிசம்பரில் அந்தப் பக்கம் கடற்கரை முகாம் என்று யாராவது சொன்னால் நான் அனுப்ப மாட்டேன். உலு லங்காட், ஜண்டா பாயேக், கோல குபு பாரு, பினாங்கில் தெலுக் பகாங் என்று நம் முகாம்கள் பெரும்பாலும் மலையடிவாரத்திலும் ஆற்றோரத்திலும்தான் நடக்கின்றன. அங்கேயும் மாலையில் இடியோடு மழை பெய்யும்.

2022 டிசம்பர் 16 அதிகாலையில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் முகாம் தளத்தின்மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டதை நம்மால் மறக்க முடியாது. அதில் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பிறகு தெரிவித்தார்கள். அதிலிருந்து நான் கூச்சமே படாமல் கேட்கிறேன்: உங்கள் இடத்துக்கு ஊராட்சி உரிமம் இருக்கிறதா? பிள்ளைகள் படுப்பது கூடாரத்திலா, கட்டடத்திலா? பின்னால் சரிவு இருக்கிறதா? இரவில் கனமழை பெய்தால் எங்கே கூட்டிப்போவீர்கள்? பக்கத்தில் எந்த மருத்துவமனை, காரில் எத்தனை நிமிடம்?

பதில் சொல்லும் விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாட்டாளர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார். "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் பார்த்துக்குவோம்" என்பது பதிலே அல்ல. இரவில் பிள்ளைகளோடு யார் தூங்குவார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் துணை உண்டா என்பதையும் கேளுங்கள். தண்ணீரில் இறங்கும் நேரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர்கள் எத்தனை பேர் கரையில் நிற்பார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முதலில் கழிவறையைப் பாருங்கள், பிறகு சமையற்கட்டை.

பையில் என்னென்ன வைக்கவேண்டும்?

பட்டியலை ஏற்பாட்டாளரே கொடுப்பார். யார் அடுக்குவது என்பதுதான் முக்கியம். பிள்ளையே அடுக்கட்டும்.

ஒருமுறை முகாம் முடிந்த நாளில் ஒரு பையனின் அம்மா பையைத் திறந்தார். உள்ளே ஏழு பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நாளுக்கான சட்டை, கால்சட்டை, உள்ளாடை, துண்டு, மேலே கிழமையின் பெயர். ஞாயிறும் திங்களும் மட்டும் பிரிந்திருந்தன. மற்ற ஐந்தும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. பிள்ளை சோம்பேறி அல்ல. அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, கலைத்துவிட்டால் மறுபடி அடுக்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்தத் தாய் இரவெல்லாம் கண்விழித்து அடுக்கியிருப்பார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பிள்ளை தரையில் எல்லாவற்றையும் பரப்பி, பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே உள்ளே வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கையை நீட்டாதீர்கள். முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து இன்னொரு தடவை அடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இரண்டு மாடி ஏறி இறங்கட்டும். கனத்தால் அவனே இரண்டு சாமானைக் குறைப்பான்.

பட்டியலில் விட்டுப்போகிற சில பொருள்களைச் சொல்கிறேன். உள்ளாடை ஏழு போதாது, பத்து வையுங்கள். மலைப்பக்கம் ஈரத்துணி காயவே காயாது, அதனால் கனத்த துண்டு வேண்டாம், மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு போதும். ஈரத்துணிக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பை, துணிக் கவ்வி நாலு. குடைக்குப் பதில் மழைக்கோட்டு. செலிப்பார் (ரப்பர்ச் செருப்பு) ஒரு ஜோடி, பழகிய பழைய காலணி ஒரு ஜோடி. புதுக் காலணி குதிகாலைக் கடித்துவிடும். ஜண்டா பாயேக் போன்ற இடமென்றால் குளிராடையும் ஒரு கைலியும். கைலி போர்வையாகவும் ஆகும், உடை மாற்றும்போது மறைப்பாகவும் ஆகும். எல்லாவற்றிலும் அழியாத மையில் பெயர், செலிப்பாரின் அடியிலும்கூட. அழுக்குத் துணி மூட்டையிலிருந்து சட்டை எடுக்கும் பிள்ளைகளுக்கு எல்லா வெள்ளைச் சட்டையும் ஒன்றுதான்.

அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்த தூங்கும் பையையோ போர்வையையோ எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் முதலில் துவைத்து வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பிள்ளைக்கு ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) இருந்தால் அந்த உருண்டையில் உள்ள நாப்தலின் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடக்கூடும். நம் நாட்டில் பிறந்த உடனே இதற்குப் பரிசோதனை செய்கிறார்கள், குழந்தையின் உடல்நலப் புத்தகத்தில் குறித்திருப்பார்கள். எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருந்தால் அதை ஏற்பாட்டாளரின் படிவத்திலும் எழுதுங்கள்.

மகளுக்கு இடுப்புவரை முடி. யார் பின்னிவிடுவார்கள்?

இந்தக் கேள்வியைச் சின்னதாக நினைக்காதீர்கள். ஒரு விடியற்காலையில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி விரித்த தலையோடு, கையில் சீப்பும் ரிப்பனுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பசியாறப் போகவில்லை. "ஏம்மா?" என்று கேட்டால், "அம்மாதான் பின்னுவாங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே அழ ஆரம்பித்தாள். ராத்திரி முழுக்க அழாத பிள்ளை அது.

ஒரு மாதம் முன்பே ஒற்றைப் பின்னல் கற்றுக்கொடுங்கள். முன்பக்கம் இழுத்துப் போட்டுப் பின்னினால் கண்ணாடி இல்லாமலே வரும். கோணலாக இருந்தாலும் நீங்கள் அவிழ்த்துத் திருத்தாதீர்கள். முகாமில் தினமும் தலைக்குக் குளிக்கவேண்டியதில்லை, ஈரத்தோடு முடியைக் கட்டவும் வேண்டாம். திரும்பி வந்த அன்றே பேன் சீப்பு போட்டுப் பாருங்கள். பத்துப் பிள்ளைகள் தலையோடு தலை வைத்துத் தூங்கும் இடம், பேன் வந்தால் அது யார் குற்றமும் அல்ல.

குளிப்பதற்கும் பழக்குங்கள். தண்ணீரை மொண்டு ஊற்றிக் குளிப்பதும் குந்தி உட்காரும் கழிவறையும் அடுக்குமாடிப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. போக முடியாமல் மூன்று நாள் அடக்கி வைத்து வயிற்று வலியோடு வருகிற பிள்ளைகள் உண்டு.

நாங்கள் சைவம். முகாமில் எப்படிச் சாப்பிடுவாள்?

படிவத்தில் "சைவம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பல முகாம்களில் சமைப்பவர் மலாய்க்கார அக்காவாக இருப்பார். மீ கோரெங்கிலிருந்து கோழியை ஒதுக்கிவிட்டு அன்போடு கொடுப்பார், அவருக்கு அது சைவம்தான். நாசி லெமாக் சம்பலில் நெத்திலியும் பெலாச்சான் என்ற இறால் விழுதும் இருக்கும், கீரைப் பிரட்டலில் சிப்பிச் சாறு ஊற்றியிருப்பார்கள். ஆகவே எதெல்லாம் சாப்பிடமாட்டாள் என்று ஒவ்வொன்றாக மலாயில் எழுதிக் கொடுங்கள்: டாகிங் (இறைச்சி), ஆயாம் (கோழி), ஈக்கான் (மீன்), ஊடாங் (இறால்), பெலாச்சான். முட்டை உண்டா இல்லையா என்பதையும் எழுதுங்கள். மகளுக்கும் "அடா பெலாச்சான், மக்சிக்?" (பெலாச்சான் இருக்கா, அம்மா?) என்று தைரியமாகக் கேட்கப் பழக்குங்கள். மாட்டிறைச்சி மட்டும் சாப்பிடாத குடும்பங்களும் இதே மாதிரி எழுதிக் கொடுக்கலாம்.

பையில் முறுக்கு, மிக்சர் வைத்து அனுப்பவேண்டாம். எறும்பு வரும். தெலுக் பகாங் பக்கம் குரங்கே வந்து பையைத் திறக்கும். கொடுக்க ஆசையாக இருந்தால் ஒரு டின் முறுக்கை ஏற்பாட்டாளரிடம் கொடுத்து எல்லாருக்கும் பகிரச் சொல்லுங்கள்.

தினமும் இரவில் ஒரு தடவை பேசலாமா? ஏக்கம் வந்துவிட்டால்?

பேசாதீர்கள் என்றுதான் சொல்வேன். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அறையில் இருந்து பார்க்கிறவளாகச் சொல்கிறேன்: பகல் முழுக்க ஆட்டம் பாட்டமாக இருந்த பிள்ளை, சாப்பிட்டு, பல் துலக்கிப் படுக்கப் போகும். அந்த நேரத்தில் தொலைபேசி வரும். "சாப்பிட்டியாம்மா?" என்ற அம்மாவின் குரலைக் கேட்டதும் உதடு துடிக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையும், அதைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைகளில் இருக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளும் அழுவார்கள். ஏற்பாட்டாளர் அனுப்பும் படங்களைப் பாருங்கள், அவரிடம் விசாரியுங்கள். அது போதும்.

வீட்டு ஏக்கம் வருவது இயற்கை. அப்படி வந்தால் பிள்ளையிடம் ஏதோ குறை என்று அர்த்தமல்ல. அதை முன்பே சொல்லுங்கள்: "உனக்கு அம்மா ஞாபகம் வரும். வந்தா அக்காகிட்ட சொல்லு, ஏதாவது விளையாடு, எனக்குக் கடிதம் எழுது. கொஞ்ச நேரத்துல குறையும்." "உனக்குப் பிடிக்கலன்னா ஒரு போன் போடு, அப்பா உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டலும் இந்த வாக்குறுதியைத் தவிர்க்கச் சொல்கிறது. உன்னால் முடியாது என்று நாங்களே நினைக்கிறோம் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. முதல் சங்கடத்திலேயே அந்தக் கதவைத் தட்டும்.

அதற்குப் பதில் ஒரு காரியம் செய்யலாம். மூன்றாம் நாள் திறக்கும்படி ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டிப் பையில் வையுங்கள். "நீ இல்லாம வீடே வெறிச்சோடிக் கிடக்கு" என்று எழுதாதீர்கள், பிள்ளை உங்களுக்காக வருந்தும். பூனை சாப்பிட்டதா, தம்பி என்ன உடைத்தான் என்று எழுதுங்கள்.

சரி, எப்போதுதான் போய் அழைத்து வருவது? சாப்பாடும் தூக்கமும் இரண்டு மூன்று நாளாகியும் சீராகவில்லை, பகலிலும் விளையாட்டில் சேரவில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னால் போய்விடுங்கள். அழைத்து வந்தபின் அதைக் குத்திக் காட்டாதீர்கள், உறவினர் முன்னால் கதையாகவும் சொல்லாதீர்கள்.

இன்னும் சில இரவுகள் படுக்கையை நனைக்கிறான். வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமே இல்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் இது சர்வசாதாரணம். மறைத்து அனுப்புவதுதான் கொடுமை. துணைக்கு வரும் பெரியவர் ஒருவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். நான் அப்படிப்பட்ட பிள்ளைகளை இரவு பதினொன்றரைக்கு மெல்ல எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப் போவேன், பக்கத்துப் படுக்கைக்குக்கூடத் தெரியாது. கறுப்புப் பிளாஸ்டிக் பை ஒன்று, மாற்றுக் கால்சட்டை இரண்டு, கைலி ஒன்று. அவற்றை எங்கே வைத்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

மகளுக்குப் பதினொரு வயது. அங்கேயே பெரியவளாகிவிட்டால்?

அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். நடந்தால் நடக்கட்டும். ஆனால் எதுவும் தெரியாமல் அவளை அனுப்பாதீர்கள். பத்து வயதிலிருந்தே சொல்லலாம்: எங்கிருந்து இரத்தம் வரும், எதனால் வரும், அது காயமோ நோயோ அல்ல. பேடை எப்படி ஒட்டுவது, எப்படிச் சுற்றிக் குப்பையில் போடுவது என்று ஒரு தடவை கையில் கொடுத்துக் காட்டுங்கள். சின்னப் பையில் நாலு பேடும் ஓர் உள்ளாடையும் வைத்து, யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

சடங்கு, தனியாக உட்காரவைப்பது, தாய்மாமன் சீர் எல்லாம் வீட்டுக்கு வந்தபின் உங்கள் விருப்பம். துணைக்கு வருகிறவரிடம் மட்டும் முன்பே சொல்லுங்கள், அப்படி ஆனால் உங்களை உடனே கூப்பிடவேண்டுமா, பிள்ளை முகாமை முடித்து வரலாமா என்று. நான் துணையிருந்த ஒரு பிள்ளை அம்மாவின் சம்மதத்தோடு மீதி மூன்று நாளும் இருந்தாள். ஆற்றில் மட்டும் இறங்கவில்லை, கரையில் என்னோடு உட்கார்ந்திருந்தாள்.

தங்கச் சங்கிலி, கம்மல்?

சங்கிலி, கொலுசு, வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். காது தூர்ந்துவிடும் என்றால் இறுக்கமான சின்னத் தோடு போதும். சாமிக் கயிறு, அரைஞாண் இருக்கட்டும். மற்ற இனப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கைச்செலவுக்கு எவ்வளவு?

ஏற்பாட்டாளர் சொன்னதற்கு மேல் வேண்டாம். அங்கே கடை இருந்தால் இருபது வெள்ளி (ரிங்கிட்) தாராளம், ஐந்து ஐந்தாக மாற்றிக் கொடுங்கள்.

மருந்து எப்படிக் கொடுத்து அனுப்புவது?

பிள்ளையின் பையில் போடாதீர்கள். பெரியவர் கையில் கொடுங்கள். பெயர், அளவு, நேரம் எழுதிய அசல் உறையோடு கொடுங்கள். காய்ச்சல் மருந்தாகிய பாராசிட்டமோல் எடையைப் பார்த்துக் கொடுப்பது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஆகவே பிள்ளையின் எடையையும் எழுதுங்கள். ஆஸ்துமா இருந்தால் மூச்சு வாங்கும்போது உடனே இழுக்கும் நீல இன்ஹேலரும் அதில் பொருத்தும் ஸ்பேசர் குழாயும் பிள்ளை போகும் இடமெல்லாம் கூடவே போகவேண்டும், அலுவலக அறையில் பூட்டி வைப்பதற்கல்ல. முட்டை, கடலை, இறால் என்று எந்த ஒவ்வாமை இருந்தாலும் எழுதுங்கள். பிள்ளையின் அடையாள அட்டையாகிய மைகிட்டின் நகலும் வேண்டும்.

"சேர்க்கமாட்டாங்களோ" என்று பயந்து வலிப்பையும் ஆஸ்துமாவையும் மறைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். நடுராத்திரியில் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருப்பதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

அட்டை, கொசு, ஆறு. எனக்கு இதுதான் பயம்.

அட்டையைப் பற்றிப் பயப்படாதீர்கள். கடித்தால் பெரும்பாலும் வலிக்காது. பிடுங்கி எறியாமல், நகத்தால் வாய்ப் பக்கத்தை மெல்ல நெம்பி எடுக்கவேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் சுரப்பதால், எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கசியும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பிள்ளை அலறாது. நீளமான காலுறை வையுங்கள்.

கொசுவைப் பற்றிப் பயப்படலாம். டெங்கிக் கொசு விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். அந்த இரண்டு வேளையும் கொசுத் தைலம் பூசப் பழக்குங்கள், முகத்தில் தெளிக்காமல் கையில் ஊற்றித் தடவவேண்டும்.

ஆறுதான் உண்மையான ஆபத்து. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் மழை பெய்து தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கிவரும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். பிள்ளைக்கு இப்படிச் சொல்லிக்கொடுங்கள்: தெளிந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறினால், இலையும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், செலிப்பார் போனாலும் பரவாயில்லை, உடனே கரையேறு. காலில் ஆறாத புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

தொடுதல் பற்றியும் பேசவேண்டுமா?

பேசத்தான் வேண்டும், வீட்டை விட்டுக் கிளம்புகிற அன்று அவசரமாக அல்ல. உள்ளாடை மறைக்கும் இடத்தை யாரும் தொடக்கூடாது, பார்க்கவோ படமெடுக்கவோ கூடாது. அண்ணனாக இருந்தாலும் சாராக இருந்தாலும் இதே விதிதான். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று யாராவது சொன்னால் அதுவே அம்மாவிடம் சொல்லவேண்டிய விஷயம். பையன்களுக்கும் இதே பேச்சு வேண்டும், நம்மில் பலர் அவர்களை விட்டுவிடுகிறோம். சந்தேகம் வந்தால் அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியாகிய தாலியான் காசே 15999 எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். ஆபத்து அவசரம் என்றால் 999.

திரும்பி வந்ததும் என்ன செய்வது?

முதலில் சோறு போடுங்கள், அப்புறம் தூங்கட்டும். கேள்விகளை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பையைப் பிள்ளையே திறந்து ஈரத்துணியைக் கூடையில் போடட்டும்.

அதன்பின் ஒரு மாதம்வரை காய்ச்சலைக் கவனியுங்கள். டெங்கி, கடித்த நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சலாகத் தெரியும். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல் ஒன்றிரண்டு வாரத்தில் வரும், சில வேளை ஒரு மாதம்வரைகூட இழுக்கும். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்திருந்தால் அதை நினைத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமோல் கொடுக்கலாம், டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது. கிளினிக்கில் "ரெண்டு நாளா காய்ச்சல்" என்பதோடு நிறுத்தாமல், முகாமுக்குப் போயிருந்தான், இந்த ஆற்றில் இந்தத் தேதியில் குளித்தான் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.